பஞ்சுபோல இறங்கிய பிறேக்

சூடான இரும்பில் விளக்கெண்ணெய் பட்டதுபோன்ற ஒரு வாசம், எங்கள் பழைய மொறிஸ் மைனர் காரின் பின்சில்லுப் பக்கமிருந்து சில நாட்களாகவே வந்துகொண்டிருந்தது. சண்டைக்குப் பிறகு நாங்கள் பரந்தனில் மீளக் குடியேறியிருந்த காலம் அது. முன்பு கார் திருத்தும் கராச் வைத்திருந்த அப்பாவுக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. அதனால் காரைத் திருத்துவது அவர், ஓட்டுவது ஆசிரியையான அம்மா.

"இஞ்சருங்கோ, பிறேக் பஞ்சு மாதிரி இறங்குது" என்று அம்மா ஒருநாள் சொன்னபோது, அப்பா கதவுக்குள் குனிந்து பெடலைக் கையால் படபடவென்று நாலைந்து தரம் அமத்திப் பார்த்துவிட்டு, "கல்லு மாதிரிக் கிடக்கு. நீர்தான் பயந்து பயந்து ஓடுறீர்" என்று சிரித்தார். அம்மா அந்தக் காரிலேயே தொடர்ந்து பள்ளிக்கூடம் போய்வந்தார்.

அடுத்த கிழமை வாய்க்கால் வளைவில், சைக்கிளில் துணி கட்டி விற்றுவரும் காசிம் நானா எதிர்ப்பட்டார். அம்மா மிதித்த பிறேக் அடிவரை போயும் கார் நிற்கவில்லை. கார் சைக்கிளில் தட்ட, மூட்டையோடு வாய்க்காலுக்குள் விழுந்தவருக்கு வலது முழங்கை முறிந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் அம்மா அழுதழுது மன்னிப்புக் கேட்க, அப்பா குறுக்கிட்டார். "அவா எனக்குச் சொன்னவா, நானா. நான்தான் கேக்கேல்லை."

வீட்டுக்கு வந்ததும் மறுபடி பெடலைப் பார்த்தார். அடித்தடித்து அமத்தினால் இறுகுகிற பெடல், ஒரே அமத்தாகப் பிடித்திருக்க, மெல்ல மெல்லக் கீழே போனது. பின்சில்லைக் கழற்றினால், உள்ளே ஒயிலை அடைத்து நிற்கும் "பிறேக் றப்பர்" தேய்ந்து ஒயில் கசிந்து, குழாய்க்குள் காற்றும் புகுந்திருந்தது. கிளிநொச்சியில் புது றப்பர் வாங்கி மாற்றினார். ஆனால் காற்றை எடுக்க, பெடலை அமத்த ஒருவர், அடியில் கிடந்து திறந்துவிட ஒருவர் என்று இரண்டு பேர் வேண்டும். விபத்து நடந்ததிலிருந்து அப்பாவோடு கதைக்காதிருந்த அம்மா, அவர் கேளாமலே வந்து காரில் ஏறி இருந்தார்.

"அமத்தும்... பிடியும்... இப்ப விடும்."

காருக்கடியில் வைத்த போத்தலுக்குள் காற்றுக் குமிழிகள் வந்து ஓய்ந்தன.

"இப்ப எப்பிடி?"

"நல்ல இறுக்கம்."

"அண்டைக்கே உம்மட சொல்லைக் கேட்டிருந்தால்..." என்றார் அப்பா, காருக்கடியில் கிடந்தபடியே.

"எழும்பி வாங்கோ. முதுகெல்லாம் மண்" என்றார் அம்மா.

அந்தக் காரை விற்றுப் பல வருடங்களாகிவிட்டன. நானாவின் கை பிறகு சரியாக மடங்கவேயில்லை. சைக்கிள் வியாபாரத்தை விட்டுவிட்டார். படலையில் நின்று அவர் விலை சொல்லும் குரலும் எங்கள் ஒழுங்கையில் இப்போது இல்லை. போன நோன்புப் பெருநாளைக்கு மகனோடு வட்டிலப்பம் கொண்டுவந்தவர், "விடுங்கோ அண்ணை, அது எப்பவோ நடந்தது" என்றார். அப்பாவும் தலையாட்டினார். ஆனால் நானா தேநீரை இடக்கையால் எடுத்துக் குடிக்கத் தொடங்கியபோது, அப்பா ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போய்விட்டார்.