சின்னச் சிலுவையில் இரண்டு பெயர்

எங்கள் வம்சாவளியைச் செல்போனில் ஏற்ற வேண்டுமென்று, சிதம்பரத்தில் படிக்கும் என் மகள் போன வாரம் என்னை உட்காரவைத்துக் கேள்வி கேட்டாள். பதினோரு நாள் மட்டும் வாழ்ந்த என் அக்காவிடம் வந்து நின்றாள்.

"அத்தைய எங்க பொதைச்சாங்க, அப்பா?"

அதற்குப் பதில் இல்லாமல் போனதில் எனக்கும் ஒரு பங்கு உண்டு.

அப்போது எனக்குப் பத்து வயது. கையெழுத்துப் போட்டியில் ஆறுதல் பரிசு வாங்கியிருந்தேன். அதன்பின் காலியாக இருந்த எந்தச் சுவரும் என்னிடமிருந்து தப்பவில்லை. கல்லறைத் திருநாளுக்கு முதல் நாள், கடலூர் கல்லறைத் தோட்டத்தில் அப்பா சுண்ணாம்பு அடித்தார். வருஷா வருஷம் நாங்கள் மெழுகுவத்தி மட்டும் ஏற்றிவந்த, பேரில்லாத சின்னச் சிலுவையில் நான் கறுப்புப் பெயின்ட்டால் அக்காவின் பெயரை எழுதினேன். கடைசி எழுத்துக்கு இடம் போதாமல் பக்கவாட்டில் திரும்பியது. "ஈரம்மா, தொடாத" என்று கத்தியும், அம்மா தொட்டுத் தொட்டுப் பார்த்தார். கையெல்லாம் கறுப்பு.

மறுநாள், கை நிறைய சாமந்தியோடு ஒரு அம்மாள் அந்தச் சிலுவை முன்னால் நின்றுகொண்டிருந்தார். சிதம்பரத்துக்காரர். கணவருக்கு வடக்கே ரயில்வே வேலை என்பதால் பல வருஷமாக வரவில்லையாம்.

"எம் புள்ள மேல யாரு பேரு இது?"

"இது எங்க பொண்ணு. நீங்கதான் எடம் மாறி வந்துட்டீங்க" என்றார் அம்மா.

"பெத்தவளுக்கு எடம் மாறுமா?"

குரல்கள் ஏறின. அப்பா மட்டும், "வெயில் ஏறுது, வாங்க போலாம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அது நவம்பர். வானம் மூடிக்கிடந்தது.

கல்லறைத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை பழைய அடக்கப் பதிவேட்டைக் கொண்டுவந்து விரித்தார். மேற்குச் சுவர், வேம்பு ஓரம், ஆண் குழந்தை, தகப்பன், தாத்தா, ஊர் சிதம்பரம். எல்லாம் தெளிவாக இருந்தது; நாங்கள் நின்ற அதே இடம். அக்காவின் வரி அடுத்த பக்கத்தில். அப்பா, அம்மா, தாத்தா, எங்கள் ஊர் பண்ருட்டி வரைக்கும் எழுதியிருந்தது. இடம் என்ற கட்டம் மட்டும் காலி.

"அது பெருமழை வருஷம். சின்ன மேடெல்லாம் கரைஞ்சிபோச்சி" என்றார் அவர்.

அக்காவை அடக்கம் செய்த அன்று அம்மா கடலூர் ஆஸ்பத்திரியில் இருந்தார். பிறகு அழைத்துவந்து இந்தச் சிலுவையைக் காட்டியது அப்பாதான்.

மண்ணெண்ணெய்த் துணியோடு பெயரை அழிக்கப் போனேன். சிதம்பரத்து அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தார்.

"இத்தினி வருஷமா எம் புள்ளைக்கு மெழுகுவத்தி ஏத்தினது நீங்களா?"

அம்மா தலையை மட்டும் அசைத்தார்.

"உடு தம்பி, ரெண்டும் ஒண்ணா இருக்கட்டும். கீழ எம் புள்ள பேர எழுது. இதையாச்சும் ஒழுங்கா எழுது."

பண்ருட்டி பஸ்ஸில் பெரிய சண்டை வெடிக்குமென்று முன் சீட்டிலிருந்து திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தேன். அப்பா தலை நிமிரவில்லை. அவர் நகக்கண்ணில் ஒட்டியிருந்த சுண்ணாம்பை, அம்மா முந்தானையால் ஒவ்வொரு விரலாகத் துடைத்துக்கொண்டிருந்தார். இவ்வளவு பெரிய பொய்க்கு ஒரு திட்டுகூட இல்லையா என்று எனக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது.