சொந்த வண்டி இல்லாத சந்திரலேகா டிராவல்ஸ்

கடலையே சிதம்பரத்துக்குத் திருப்பிவிட்ட பெண்பிள்ளை இந்தப் பூமியில் ஒருத்திதான். அவள் என் அக்கா சந்திரலேகா. கொலம்பசும் வாஸ்கோடகாமாவும் கப்பலேறி, மாதக்கணக்கில் வாந்தியெடுத்து, அதற்கப்புறம்தான் ஊரைக் கண்டுபிடித்தார்கள். அக்கா ஜெராக்ஸ் கடை ஸ்டூலை விட்டு எழுந்திருக்காமலே ஏழு கடல் கப்பல்களையும் மேய்த்தாள். அவள் 'ம்' என்றால்தான் சென்னைத் துறைமுகத்தில் நங்கூரமே இறங்கும் என்று நான் ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தேன். இரண்டு பேர் நம்பவும் செய்தார்கள்.

உண்மையும் கொஞ்சம் இருக்கிறது. சென்னைக்கு உல்லாசக் கப்பலில் வருகிறவர்களில் சிலர் சிதம்பரம் பார்க்க வேண்டும் என்பார்கள். துறைமுகத்திலிருந்து இங்கே வர கார் ஓட்டம் ஐந்து மணி நேரம். அவர்களைத் துறைமுக வாசலில் ஏற்றி, கோயிலைக் காட்டி, கப்பல் கிளம்புவதற்குள் பத்திரமாகத் திருப்பி விடுவதற்கு அக்கா வண்டி ஏற்பாடு செய்வாள். கடை போர்டில் 'சந்திரலேகா டிராவல்ஸ்' என்று சிவப்பில் எழுதியிருக்கும். டிராவல்ஸுக்குச் சொந்தமாக ஒரு சைக்கிள்கூடக் கிடையாது. ஒரு செல்போன், பக்கத்து பிரவுசிங் சென்டரில் ஒரு மெயில், பிறகு அவள் வாய். அவ்வளவுதான் கம்பெனி.

ஒருமுறை நெய்வேலியிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா கேசரியை முடித்துவிட்டுக் கேட்டார்.

"டிராவல்ஸ்னு சொன்னாங்க. எத்தன வண்டிம்மா ஓடுது?"

"ஒண்ணும் இல்லீங்க."

"வண்டி இல்லாம எப்படிம்மா டிராவல்ஸு?"

"உங்கள கூட்டிட்டு வந்த தரகரு, வீட்ல மாப்பிள்ளைங்களையா வளக்குறாரு?"

அந்த சம்பந்தம் அத்தோடு முடிந்தது. அம்மா இரண்டு நாள் பேசவில்லை. தரகர் மட்டும் அப்புறமும் கடைப்பக்கம் வந்து, அந்தப் பதிலை இன்னொரு தடவை சொல்லச் சொல்லிச் சிரித்துவிட்டுப் போனார்.

நாங்கள் புவனகிரிப் பக்கத்தில் நெல் விதைத்த குடும்பம். அப்பா போன பிறகு நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு சிதம்பரத்துக்கு வந்தோம். அக்கா தபாலில் பி.காம். படித்துக்கொண்டே ஜெராக்ஸ் மெஷின் ஓட்டினாள். சுனாமி வந்த சமயம், தேவனாம்பட்டினத்துக்கு உதவி செய்ய வந்த வெளிநாட்டுக்காரர்களுக்கு வண்டி பிடித்துக்கொடுக்க ஆள் இல்லை. பேப்பர் நகலெடுக்க வந்த ஒருத்தர் கேட்க, அக்கா தெரிந்த டிரைவர் ஒருத்தரை அனுப்பினாள். சொன்ன நேரத்துக்குச் சொன்ன வண்டி போய் நின்றது. அதுவே பெரிய அதிசயமாகிவிட்டது. ஊர் திரும்பிய அவர்கள் இன்னொருத்தருக்குச் சொல்லி, அவர் வேறொருத்தருக்குச் சொல்லி, கடைசியில் கப்பல்வரைக்கும் அவள் பெயர் போய்விட்டது.

இதில் பெரிய கூத்து என்னவென்றால், அக்காவுக்கு வண்டி ஒத்துக்கொள்ளாது. பஸ்ஸில் ஏறினால் புவனகிரி தாண்டுவதற்குள் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொள்வாள். அதனால் துறைமுகத்தையோ கப்பலையோ அவள் கண்ணால் பார்த்ததில்லை. டிரைவர் சுப்புராயன் அண்ணனோடு போய்ப் பெயரட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்பது என் வேலை. பாலிடெக்னிக்கை நான் விட்டேனா, அது என்னை விட்டதா என்று இன்னும் முடிவாகவில்லை. ஆகையால் நேரம் இருந்தது.

2010 மார்கழிக்குக் கொஞ்சம் முன்னால் டர்பனிலிருந்து ஒரு மெயில் வந்தது. எழுதியவர் மிஸ்டர் பிள்ளை. தென்னாப்பிரிக்காவில் பிறந்து வளர்ந்த, தமிழ் பேச வராத தமிழர், பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர். அவருடைய அம்மா நடராஜர் படத்தை வைத்துக் கும்பிட்டுத்தான் அடுப்பு பற்றவைப்பாராம். அந்த நடராஜரை ஒரு தடவை நேரில் பார்க்க வேண்டும். முட்டி போய்விட்டது, இன்னொரு பயணம் தாங்காது என்று எழுதியிருந்தார். கப்பல் காலையில் வந்து ராத்திரியே கிளம்பிவிடும். சென்னை ஏஜெண்டுகள் எல்லாரும் முடியாது என்றுவிட்டார்களாம்.

அவர்கள் சொன்னது நியாயம்தான். மத்தியானம் நடை சாத்தினால் சாயங்காலம்தான் திறப்பார்கள். காலையில் கப்பலை விட்டு இறங்குகிறவர் எப்படிப் பறந்து வந்தாலும் சாத்திய கதவைத்தான் கும்பிட வேண்டும். அக்காவே ராத்திரி தங்கும் கப்பலாக இருந்தால்தான் ஒத்துக்கொள்வாள்.

அன்றைக்கு மெயிலைப் படித்துவிட்டுக் காலண்டரைப் பார்த்தாள். மறுபடி மெயிலைப் பார்த்தாள்.

"எழிலு, அன்னிக்கு தேருடா."

"தேருன்னா வண்டி போக ரோடே கெடையாதே. முடியாதுன்னு போடு."

"போடா இவனே. கோயில் சாத்தியிருந்தா என்னாடா? சாமிதான் வூட்லயே இருக்க மாட்டாரே."

எங்கள் ஊரில் தேரில் வருவது வேறொரு உற்சவர் இல்லை. உள்ளே இருக்கும் அதே நடராஜர்தான் இறங்கி வருவார். காலையில் ஏறினால் நான்கு வீதியும் சுற்றி முடிக்கப் பொழுது சாய்ந்துவிடும். அக்கா பதில் எழுதினாள்: 'வாருங்கள். கோயில் மூடியிருக்கும். கடவுள் தெருவில் இருப்பார்.'

எனக்கும் சுப்புராயன் அண்ணனுக்கும் அவள் சொன்ன கணக்கு இதுதான்: எட்டு மணிக்குள் அவர்கள் கப்பலில் ஏற வேண்டும், அதற்கு ரெண்டரைக்கு இங்கிருந்து வண்டி கிளம்ப வேண்டும். தவறினால் கப்பல் நிற்காது. அந்த மனுஷனும் அவர் மனைவியும் பெட்டி படுக்கை இல்லாமல் சென்னையில் நிற்பார்கள்.

பிள்ளை தம்பதி சொன்னபடி காலையில் துறைமுக வாசலுக்கு வந்துவிட்டார்கள். ஆள் நல்ல உயரம். வழியெல்லாம் சுப்புராயன் அண்ணன் ஓவர்டேக் செய்யும்போது இல்லாத பிரேக்கைக் காலால் மிதித்துக்கொண்டே வந்தார். ஊருக்கு வெளியே வண்டிகேட் என்ற இடத்தில் காரையும் சுப்புராயன் அண்ணனையும் விட்டுவிட்டு, ஆட்டோவில் சந்து சந்தாக நுழைந்து மேல வீதி வந்தபோது மணி ஒன்றரை. அக்கா ஒரு மருந்துக்கடை வாசலில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி பிடித்துவைத்திருந்தாள். ரெண்டு மணிக்குத் தேர் அந்த இடத்தைக் கடக்க வேண்டும்.

கடக்கவில்லை. தெற்கு வீதியிலேயே நின்றுவிட்டது. தேருக்கு ஒன்றும் ஆகவில்லை. தேர் என்றால் நிற்கும், அவ்வளவுதான்.

பிள்ளை வாட்சைப் பார்த்தார். அவர் மனைவி அவரைப் பார்த்தார். நான் அக்காவைப் பார்த்தேன். அவள் பக்கத்தில் தள்ளுவண்டியில் வாழைப்பழம் விற்றுக்கொண்டிருந்த கண்ணாயிரத்தைப் பார்த்தாள்.

"கண்ணாயிரம் மாமா, பழத்த எறக்கு."

"எதுக்கும்மா?"

"சாமி வரலன்னா நாம போவணும். வண்டி குடு."

இப்படித்தான் டர்பனில் முப்பது வருஷம் பஸ் ஓட்டிய மனுஷன் சிதம்பரத்தில் வாழைப்பழ வண்டியில் பிரயாணம் செய்தார். கண்ணாயிரம் முன்னால் இழுக்க, நான் பின்னால் தள்ள, அவர் மனைவி பக்கத்தில் ஓட்டமும் நடையுமாக வர, அக்கா எல்லாருக்கும் முன்னால் கையை வீசிக்கொண்டு போனாள்.

"வழி வுடுங்க, வழி வுடுங்க! கப்பலுக்குப் போறவரு!"

"கப்பலா? இங்க காட்டுமன்னார்கோயில் பஸ்ஸே ஒழுங்கா வரல," என்றார் கூட்டத்தில் ஒருத்தர். ஆனாலும் ஒதுங்கினார். கப்பல் என்ற சொல்லுக்கு எங்கள் ஊரில் தனி மரியாதை உண்டு என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

தெற்கு வீதி முனை திரும்பினோம். தேர் நேர் எதிரே நின்றிருந்தது. பிள்ளை வண்டியை விட்டு இறங்கினார். யாரும் சொல்லாமலே செருப்பைக் கழற்றினார். மாலைகளுக்கு நடுவில் அந்த முகத்தைக் கண்டுபிடிக்க அவருக்குக் கொஞ்ச நேரம் ஆனது. கண்டுபிடித்ததும், "அம்மா," என்றார். எந்த அம்மாவை என்று நான் கேட்கவில்லை. அந்தப் பக்கம் சூடப் புகை ஜாஸ்தி. அதனால் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

பிறகு அவர் தரையில் கிடந்த வடத்தைக் காட்டி, தானும் ஒரு கை பிடிக்கலாமா என்று சைகையில் கேட்டார். தேர் நின்றிருக்கும்போது வடத்தைப் பிடித்து என்ன செய்வது? நகர இன்னும் கால் மணி நேரமாவது ஆகும் என்று பக்கத்தில் நின்றவர்கள் சொன்னார்கள். அக்கா மணி பார்த்தாள். ரெண்டு இருபது.

"சார், டைம். கோ," என்றாள்.

அவர் தலையாட்டினார். கோபமில்லை. பஸ் ஓட்டியவர், நேரத்தின் அருமை தெரியும். வடத்தை மட்டும் இன்னொரு தடவை பார்த்தார்.

எனக்கு ஊரில் எல்லார் குரலும் வரும். சுப்புராயன் அண்ணன் குரல் ரொம்பச் சுலபம். வெற்றிலையை ஒரு பக்கம் அடக்கிக்கொண்டதுபோல் நாக்கை வைத்தால் போதும். கூட்டத்துக்குள் நழுவி, ஒரு பெட்டிக்கடையின் காயின் போனில் ஒரு ரூபாயைப் போட்டு அக்காவின் செல்லுக்கு அடித்தேன்.

"மேடம், சுப்புராயன் பேசறங்க. செல்லுல சார்ஜ் இல்ல, பூத்துலேருந்து பேசறேன். வண்டிய ரெண்டு பஸ்ஸு மறிச்சிக்கினு நிக்குது. கால் மணி நேரம் ஆவும், அப்புறமா வாங்க."

தேர் மேளச் சத்தத்துக்கு ஒரு காதைப் பொத்திக்கொண்டேன். "சரிங்கண்ணே," என்றாள்.

நான் ஒன்றும் தெரியாதவன்போல் திரும்பி வந்தபோது, அக்கா பிள்ளையை வடத்தின் பக்கம் கூட்டிக்கொண்டு போயிருந்தாள். சங்கு ஊதினார்கள். அத்தனை கையும் ஒரே மூச்சில் இழுக்க, தேர் முனகிக்கொண்டு அசைந்தது. பிள்ளை நான்கு எட்டுதான் வைத்திருப்பார். முட்டி என்று ஒன்று இருப்பதையே மறந்துவிட்டார். அவர் மனைவி கேமராவைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டே சிரித்தார்.

திரும்பும் பயணத்தைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை. புதுச்சேரியில் நெரிசலில் நின்றபோது, அந்தக் கால் மணி நேரத்தைத் திரும்பத் திரும்பக் கணக்குப் போட்டேன். கப்பல் போயிருந்தால் என்ன முகத்தை வைத்துக்கொண்டு இவர்கள் முன்னால் நிற்பது? பிள்ளை பின்சீட்டில் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார், கப்பலைத் தவறவிடப்போகிற கவலை கொஞ்சமும் இல்லாமல். துறைமுக வாசலை அடைந்தபோது மணி எட்டு ஐந்து. வாயிற்காவலர் அவசரமே படாமல் அட்டையைப் பார்த்து உள்ளே விட்டார். பிள்ளை என் தோளை இரண்டு தட்டு தட்டிவிட்டு, கப்பலுக்குப் போகும் பஸ்ஸில் ஏறினார்.

நான் அக்காவுக்கு போன் போட்டேன்.

"ஏத்திட்டேன்க்கா."

"கப்பல் எப்படிடா இருக்குது?"

"குடோனுக்கு மேல தெரியுது. தெற்குக் கோபுரத்த படுக்கப்போட்டு சீரியல் பல்பு கட்டுன மாதிரி."

"ஓ," என்றாள். பிறகு, "ஏண்டா, வண்டிகேட்டுல ஏதுடா தேர் மேளம்?"

"என்னாக்கா?"

"மத்தியானம் சுப்புராயண்ணன் பேசுனாரே. போன் வச்ச காதுலயும் அதே மேளம், சும்மா இருந்த காதுலயும் அதே மேளம்."

எனக்கு யார் குரலும் வரவில்லை. என் குரலே வரவில்லை.

"தெரிஞ்சேதான் சரின்னியா? கப்பல் போயிருந்தா?"

"கப்பலுக்கு ஒம்போது மணிடா. உங்க ரெண்டு பேருக்கும்தான் எட்டு. கேட்டா எட்டுன்னே சொல்லுங்கன்னு அவருக்கு மெயில்லயே சொல்லிட்டேன். உன்ன அனுப்புறேன், ஒரு மணி நேரம் சேத்து வைக்க மாட்டனா?"

"சும்மா வெளையாட்டுக்குதான்க்கா பண்ணேன்."

"வெளையாட்டுன்னா மத்தவங்களத்தானேடா அழ வைப்ப," என்றாள் அக்கா. "இன்னிக்கு நீ ஏன் அழுத?"