பின் கண்ணாடியில் ரோடு

என் வீட்டுக்காரருக்கு ஜெனரேட்டர் வாடகைக்கு விடும் தொழில். அப்போதெல்லாம் திருச்சியில் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. கல்யாண வீட்டுக்காரர்கள் தேடி வருவார்கள். ஜெனரேட்டரை டிரெய்லரில் ஏற்றி, ஒரு நீளமான வெளிநாட்டுக் காருக்குப் பின்னால் கொக்கி போட்டு இழுத்துப் போவோம். இங்கே ஒரு ஃபாக்டரிக்கு வந்திருந்த வெள்ளைக்கார இன்ஜினியர் ஊருக்குப் போகும்போது விற்றுவிட்டுப் போன பழைய கார் அது.

போவோம் என்றால் நானும்தான். டிரெய்லர் ஆடுகிறதா என்று பார்க்க ஒரு ஆள் வேண்டும். கூலிக்கு வைத்த ஆள் தூங்கிவிடுகிறான் என்று என்னை உட்கார வைத்தார். காரின் பின்பக்கம், சாமான் வைக்கிற இடத்தில் பாய் போட்டு, பின் கண்ணாடியைப் பார்த்து உட்காருவேன். எனக்குச் சத்தம் போட்டுக் கூப்பிட வராது. கூச்சம். அதனால் வளையலால் காரின் பக்கத் தகரத்தில் தட்டுவேன். ஒரு தட்டு என்றால் சரி, போகலாம். இரண்டு தட்டினால் நிறுத்த வேண்டும்.

அந்தக் காரின் பின்பக்க ஷாக் அப்சார்பர் இரண்டும் தேய்ந்து எண்ணெய் ஒழுக ஆரம்பித்தது. கொக்கி மாட்டினால் பின்பக்கம் தொங்கிப்போகும், முன் விளக்கு மரத்து உச்சியைப் பார்க்கும். டிரெய்லர் மாட்டு வால் மாதிரி இரண்டு பக்கமும் வீசும். ஒரு தடவை காவேரிப் பாலத்தில் கைப்பிடிச் சுவரை உரசப் போய்விட்டது. பின்னால் வந்த பஸ் டிரைவர் தலையை நீட்டி, "யோவ், வீட்டம்மாவ எறக்கி விட்டுட்டு நீ மட்டும் ஆத்துல வுழுய்யா" என்றார். பஸ்ஸே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிள்ளைகள் இரண்டையும் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, அப்பா அம்மா இரண்டு பேரும் ஒரே வண்டியில் அல்லவா போய்க்கொண்டிருந்தோம்.

அந்தச் சாமான் இங்கே கிடைக்காது. வேறு ஷாக்கும் ஒத்துவராது, இந்தக் காரில் ஸ்பிரிங் மெலிசு, பாதி பாரத்தை ஷாக்தான் தாங்குகிறது என்று மெக்கானிக் பாய் கையை விரித்துவிட்டார். கடைசியில் துபாயில் இருந்த என் தம்பி லீவில் வரும்போது லுங்கியில் சுற்றி இரண்டு கொண்டுவந்தான்.

ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண ரிசப்ஷன். அன்று காலையில்தான் மெக்கானிக் ஷெட்டில் புது ஷாக்கை மாட்ட ஆரம்பித்தார்கள். துருப்பிடித்த போல்ட்டைக் கழற்றவே மத்தியானம் ஆகிவிட்டது. டிரெய்லரைக் கொக்கியில் போட்டதும் பின்பக்கம் பழையபடி உட்கார்ந்துவிட்டது. வீட்டுக்காரர் என்னைப் பார்த்து, "உன் தம்பிய எவனோ நல்லா ஏமாத்திட்டான்" என்றார். மெக்கானிக் பாய் இரண்டு மரக்கட்டையை அறுத்து, அச்சுக்கும் பாடிக்கும் நடுவில் முட்டுக் கொடுத்துக் கம்பியால் கட்டினார். கார் நேராக நின்றது.

எனக்கு மனசு கேட்கவில்லை. கார் வாங்கின புதிதிலும் கொக்கி மாட்டினால் இப்படித்தான் உட்காரும். கண்ணாடி பூராவும் ஜெனரேட்டர் தகரம்தான் தெரியும். கொஞ்ச தூரம் ஓடினால் மெதுவாக எழும்பும், தகரத்துக்குக் கீழே ரோடு தெரியும். எல்லாக் காரும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன். அவர் கொக்கி போட்டதும் முன்னால் ஏறி ஓட்டுபவர், எழும்புவதைப் பார்த்ததில்லை. போய்ச் சேர்ந்து இறங்கிப் பார்க்கும்போது அது நேராக நிற்கும். இதை அத்தனை ஆம்பளைகள் நடுவில் எப்படிச் சொல்வது? பேசாமல் ஏறிக்கொண்டேன்.

கட்டை வைத்த வண்டி பள்ளத்துக்குப் பள்ளம் தூக்கிப் போட்டது. டிரெய்லர் துள்ளியது. சத்திரம் பஸ் ஸ்டாண்டு வந்ததும் பாலம் ஞாபகம் வந்து இரண்டு தட்டு தட்டிவிட்டேன்.

இறங்கி வந்தார். "ஏங்க, இந்தக் காரு நின்ன எடத்துல எழும்பாதுங்க. ஓடினாத்தான் எழும்பும். கட்டைய எடுத்துருங்களேன்" என்றேன்.

"இத ஷெட்டுலயே சொல்றதுக்கு என்ன?"

பாலத்துப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். பிறகு ஜாக்கி வைத்து, ரிசப்ஷனுக்குப் போட்டிருந்த வெள்ளைச் சட்டையோடு ரோட்டில் படுத்துக் கட்டையை உருவினார். "சுத்திப் பாப்போம். நீ ஒரு தட்டு தட்டினாத்தான் பாலத்துல ஏறுவேன்" என்றார்.

அதுவரை இருந்த பயம் ஒரு பயமே இல்லை. இப்போது எல்லாம் என் கையில்.

சாலை ரோடு என்கிற தெருப் பக்கம் போய்த் திரும்பினார். கண்ணாடி முழுக்கத் தகரம். திரும்பி வரும்போது அடியில் நூல் மாதிரி கறுப்பாக ஏதோ தெரிந்தது. நான்தான் நிமிர்ந்துவிட்டேனோ என்று பின் சீட்டின் முதுகில் தலையை ஒட்டவைத்து அசையாமல் பார்த்தேன். நூல் நாடாவாகியது. ஓடத்துறை கிட்டே, பின்னால் ரோட்டைக் கடந்த ஒருத்தியின் கால் கொலுசு வரைக்கும் தெரிந்தது.

பாலம் வந்துவிட்டது. ஒரு தட்டு தட்டினேன். ரோட்டு இரைச்சலில் அது கேட்கவில்லை போல. வண்டி ஓரம் கட்டப் பார்த்தது, பின்னால் பஸ் ஹாரன் அடித்தது. இன்னொரு தட்டு தட்டலாம் என்று கையைத் தூக்கினேன். முதல் தட்டு அவர் காதில் விழுந்திருந்தால் இது இரண்டாவது ஆகிவிடுமே. நிறுத்தச் சொன்னதாகிவிடுமே.

"போகலாங்க!" என்று கத்திவிட்டேன்.

பாலம் முழுக்க நான் தண்ணீரைப் பார்க்கவில்லை. தகரத்துக்குக் கீழே தெரிந்த அந்த ரோட்டையே பார்த்தேன். டிரெய்லர் கோடு போட்ட மாதிரி பின்னால் வந்தது. மாம்பழச்சாலையில் இறங்கியதும் அவர் திரும்பாமலே, "என்னா சத்தம் அது, பஸ்காரனே பிரேக் போட்டிருப்பான்" என்றார்.

ஒரு தட்டு தட்டினேன்.