லியோட்டாவின் இருநூறு தோட்டாக்கள்

லியோட்டா டாக்கெட்டின் கைத்துப்பாக்கி நூற்றுத் தொண்ணூறு டாலர். பார்த்தால் சோப்பு டப்பா மாதிரி இருக்கும். அழகும் அவ்வளவுதான். கென்டக்கி மலைக்குள் வீடு வீடாகப் போய், படுத்த படுக்கையாய்க் கிடப்பவர்களைக் குளிப்பாட்டி விடுவது அவள் வேலை. அந்த வீடுகளுக்குப் போன் சிக்னல் எட்டாது. அவிழ்த்துவிட்ட நாய்கள் எட்டும்.

வாங்கிய புதிதில் நூறு தோட்டாவுக்கு நாலு தடவை சிக்கியது. "உங்க மணிக்கட்டுல வலு பத்தலம்மா" என்றார் கடைக்காரர். நூறு கிலோ ஆளைப் படுக்கையில் புரட்டிப் போடும் மணிக்கட்டு அது. அவள் சண்டைக்குப் போகவில்லை. தோட்டா அடைக்கும் மூன்று மேகசின்களின் அடியிலும் நகப்பூச்சால் ஒவ்வொரு நிறத்தில் பொட்டு வைத்தாள். சிக்கும்போதெல்லாம் பொட்டைப் பார்த்தாள். நாலுக்கு நாலும் சிவப்பு. சிவப்பைத் தூக்கி எறிந்தாள். அதன்பிறகு ஆயிரம் தோட்டா, ஒரு முணுமுணுப்பு இல்லை.

சங்கதி பரவியது. சுடும் சங்கத்தில் லியோட்டாவிடம்தான் கற்றுக்கொள்வோம் என்று ஆறு பெண்கள் பெயர் கொடுத்தார்கள். ஆறு பேரிடமும் மலிவுத் துப்பாக்கிதான். ஆறாவது பெயர் மாக்ஸி, சங்கத் தலைவர் டென்ஸில் கூம்ஸின் மனைவி. தலைவருக்கு அது சுருக்கென்று தைத்தது. உடனே சங்க விதியைத் தூசி தட்டினார். சொல்லிக்கொடுப்பவர் தன் துப்பாக்கியால், நடுவில் துடைக்காமல், சங்கத்துத் தோட்டா இருநூறு சுட்டுக் காட்ட வேண்டும். துப்பாக்கி ஒருமுறை நின்றாலும் வகுப்பு டென்ஸிலுக்கு. அவர் வகுப்பில் எழுநூறு டாலருக்குக் குறைந்த துப்பாக்கியோடு உள்ளே நுழைய முடியாது. அந்த ஆறு பேரில் யாருக்கும் அது கட்டாது.

சனிக்கிழமை காலை ஊரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தது. சங்கத்துத் தோட்டாக்கள், டென்ஸில் தன் கொட்டகையில் சொந்தக் கையால் மருந்து அடைத்தவை. அதில் அவருக்கு அவ்வளவு பெருமை.

"என்ன லியோட்டா, பொம்மைக்கு பேட்டரி போட்டியா?"

"போட்டாச்சுண்ணே. உங்க காது மிஷினுக்குப் போட்டீங்களா?"

நூற்று முப்பத்தாறு தோட்டா மளமளவென்று போனது. அடுத்தது, டொக். வெடிக்கவில்லை.

வெடிக்காத தோட்டா தாமதமாகவும் வெடிக்கும். அதனால் குழலை மண்மேட்டுக்கு நேராகவே பிடித்து முப்பது நொடி நிற்க வேண்டும். லியோட்டா நின்றாள். பத்தாவது நொடியிலேயே டென்ஸில் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். பெஞ்சில் ஆறு பெண்களின் முகமும் தொங்கியதை அவள் திரும்பாமலே உணர்ந்தாள்.

தோட்டாவை வெளியே எடுத்து அதன் பின்புறத்தைப் பார்த்தாள். நட்டநடுவில், ஆழமான குழி.

"என் துப்பாக்கி ஊசி நல்லாத்தான் குத்தியிருக்கு. இதை உங்க துப்பாக்கில போட்டுப் பாருங்கண்ணே."

அத்தனை பேர் முன்னால் முடியாது என்று எப்படிச் சொல்வார்? தன் ஆயிரத்து நூறு டாலர் துப்பாக்கியில் போட்டு விசையை அழுத்தினார். டொக். இப்போது அவர் முப்பது நொடி நிற்க வேண்டும். மாக்ஸி சத்தமாக எண்ணினாள், ஒவ்வொரு எண்ணையும் மிட்டாய் போலச் சப்பி.

முப்பது முடிந்ததும் சொன்னாள்: "பன்னித்தோல் வறுவல் தின்னுக்கிட்டே தோட்டா அடைக்காதீங்க, எண்ணெய்க் கை மருந்துல படும்னு நான் தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன். இந்த மனுசன் கேட்டாத்தானே!"

பெஞ்சே அதிர்ந்தது. டென்ஸிலின் காது சிவந்தது. ஆனாலும் ஆள் நேர்மையானவர். "தப்பு என் தோட்டாவுது. இது கணக்குல இல்ல" என்றார். "மிச்சத்துக்குக் கடைத் தோட்டா எடுத்துத் தரட்டுமா?"

"வேணாண்ணே. உங்களுதே குடுங்க. கைய மட்டும் கழுவிட்டுக் குடுங்க."

மிச்சம் அறுபத்து நான்கும் ஒன்றுவிடாமல் வெடித்தன. டென்ஸில் தொண்டையைச் செருமிக்கொண்டு வந்து சங்கத்துச் சாவியை நீட்டினார்.

"ஞாயித்துக்கிழமை ரெண்டு மணிக்கு வகுப்பு. நீயே திறந்துக்க."