டேலி தேவராஜ் பிரித்துப் பார்த்த பெட்டிகள்

வெட்கக்கேடான ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தேவராஜ் போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு, ஆறாம் நிலைக் கணக்குப் புத்தகத்தின் கடைசியில் இருக்கும் விடைகளை மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். பத்து மணிக்கு என் மகன் கவினுக்கு அந்தப் பாடத்தை நான் நடத்தியாக வேண்டும். மனைவி கலைச்செல்வி கதவைத் தட்டினாள். "தேவா அண்ணன் போயிட்டாராம். யார்டு கேட்டுல கையெழுத்துப் போட்டுக்கிட்டிருக்கும்போதே சாஞ்சுட்டாராம்." எனக்கு முதலில் வந்தது துக்கம் இல்லை. நிம்மதி. கணக்கில் என் நிலை நான்குதான் என்று அறிந்திருந்த ஒரே மனிதர் இனி இல்லை. இரண்டு குவளைத் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்ட பிறகுதான் துக்கம் வந்தது. வந்தபின் போகவில்லை.

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டில் வைத்துப் படிக்க வைக்கும் ஏழு குடும்பங்களுக்கு அவரைத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தேவராஜ் திருவொற்றியூரில் ஒரு கண்டெய்னர் யார்டில் டேலி கிளார்க். கப்பலில் வந்த பெட்டியைத் திறந்து, உள்ளே இருப்பது காகிதத்தில் எழுதியிருப்பதுதானா என்று நின்று எண்ணிப் பார்ப்பது அவர் வேலை. அத்திப்பட்டில் குடியிருந்தபோது கடைசிப் பெண்ணுக்கு மூச்சிரைப்பு. மாதத்தில் பாதி நாள் பள்ளிக்குப் போக முடியவில்லை. அதனால் மூன்று பெண்களையும் வீட்டோடு வைத்துப் படிக்க வைத்தவர். அவருக்குக் காரணம் இருந்தது.

எனக்கு இருந்த காரணத்தையும் கேளுங்கள். என் பிள்ளைகள் படித்த பள்ளியின் ஆண்டு விழாவுக்கு, பத்திரிகையில் நகைச்சுவை எழுதுகிறவன் என்று என்னைச் சிறப்பு விருந்தினராகக் கூப்பிட்டார்கள். நாற்பது நிமிடம் பேசியிருப்பேன். இன்னும் ஒரு நல்ல இடம் பாக்கி இருந்தது. அதற்குள் பாட்டைப் போட்டு, மயில் வேஷம் கட்டிய எல்.கே.ஜி. குழந்தைகளை மேடையில் விட்டுவிட்டார்கள். மறு வாரமே இரண்டு பிள்ளைகளையும் நிறுத்திவிட்டேன். கேட்டவர்களிடமெல்லாம், மதிப்பெண் முறையில் எனக்கு நம்பிக்கை இல்லை என்றும், குழந்தை ஒரு விதை என்றும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். கலைச்செல்வி அஞ்சல் நிலையத்தில் முத்திரை குத்துகிறவள். அந்தச் சமயத்தில் வீட்டிலும் பாத்திரங்களை அதே வேகத்தில்தான் வைத்தாள்.

பாடத்திட்டம் பெங்களூரிலிருந்து அட்டைப்பெட்டியில் வந்தது. வீட்டுக்கல்வி என்னும் வியாபாரத்தில் பெட்டிதான் கடவுள். பெட்டியின் மேல் ஓர் அக்காளும் தம்பியும் புல்லில் படுத்துக்கொண்டு சிரிப்பார்கள். அந்த மாதிரிப் புல் ராயபுரத்தில் எங்கும் கிடையாது. அந்த மாதிரி அக்கா தம்பியும் கிடையாது. எந்தப் பெட்டி வாங்குவது என்பதற்கு ஒரே விதிதான் போட்டிருந்தது: வயதைப் பார், நிலையைச் சொல். யாழினிக்குப் பன்னிரண்டு வயது, ஏழாம் நிலை. கவினுக்கு ஒன்பது, நான்காம் நிலை. பாதரட்சை வாங்கும்போதுகூடக் காலைப் போட்டுப் பார்க்கச் சொல்கிறான் கடைக்காரன். நான் பிள்ளைகளைக் கூப்பிடாமலேயே இரண்டு பெட்டிக்கும் பணம் கட்டினேன்.

நான்கே மாதத்தில் யாழினியின் கணக்கு நோட்டு ஏழு குடும்பத்திலும் புகழ் பெற்றது. நான்தான் படம் எடுத்து எங்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டுக்கொண்டே இருந்தேன். ஒரு தப்பு கிடையாது. எங்கள் குழுவைப் பற்றியும் தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். மாதம் ஒரு ஞாயிறு யாராவது ஒருவர் வீட்டு மொட்டைமாடியில் கூடி, ஒப்பிடுவது பாவம் என்று பேசிவிட்டு, வடை வரும்வரை ஒப்பிட்டுக்கொண்டிருப்போம். எஞ்சினியர் ரகுராமன் ஒவ்வொரு முறையும் அதே வாக்கியத்தோடு உட்காருவார்: "என் பையன் ஏழு வயசுல அஞ்சாம் நிலை சார்." ஒரு தடவை தேவராஜ், வாயில் வடையோடு, "சந்தோசம் சார். பல்லு எத்தினி வுழுந்திச்சு அவனுக்கு?" என்று கேட்டார். ரகுராமன் அன்று சட்னி தொட்டுக்கொள்ளவில்லை.

எங்கள் வீட்டு முறை வந்த ஞாயிறன்று தேவராஜ் ஒரு மணி நேரம் தாமதமாக வந்தார். எப்போதும் அப்படித்தான். கண்டெய்னர் லாரி வரிசையில் மாட்டிக்கொண்டேன் என்பார். அவர் வருவது சைக்கிளில். நான் யாழினியின் நோட்டை அவரிடம் நீட்டினேன். அவர் பாராட்டுவார் என்று நம்பிய முட்டாள்தனத்தை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. மனிதர் பக்கம் பக்கமாகப் புரட்டினார். பிறகு விரலால் தாளைத் தடவிப் பார்த்தார்.

"இன்னா ரைட்டரே, ஒரு அடிச்சல் கெடையாது, அழிச்சல் கெடையாது?"

"அவ அப்படித்தான் தேவா. நேரா விடைக்குப் போயிடுவா."

"போவா, போவா." புத்தகத்தின் கடைசிப் பக்கத்தை எடுத்து நோட்டின் பக்கத்தில் வைத்தார். "இந்தப் பதினாலாவது கணக்கு நீ போட்டுப் பாத்தியா? பொஸ்தகத்துல விடை தப்பா அச்சடிச்சிருக்கான். உன் பொண்ணுக்கும் அதே தப்பு கரெக்டா வந்துகீது."

நான் போட்டுப் பார்க்கவில்லை. போட்டிருந்தாலும் தெரிந்திருக்காது என்பது பிற்பாடு நிரூபணமானது.

"எங்க யார்டுல ஒண்ணு சொல்லுவேன் ரைட்டரே, கேட்டுக்கோ. காயிதமும் சரக்கும் அச்சு மாறாம ஒத்துப்போச்சுன்னா, எவனும் எண்ணவே இல்லன்னு அர்த்தம். நெசமா எண்ணினா ரெண்டு மூணாவது இடிக்கும்."

எனக்குக் கோபம் வந்தது. என் மகளைத் திருடி என்கிறாரா என்று நினைத்தேன். அவளை அப்போதே கூப்பிட்டு நான்கு பேர் முன்னால் நிரூபிக்கச் சொல்லலாம் என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். "நீ கீழ போய் டீ போடு. போடத் தெரியுமில்ல? அதுக்கு எந்த லெவலு?" என்றார்.

நான் டீயோடு மேலே வந்தபோது, மற்றவர்கள் அந்தப் பக்கம் எதையோ தின்றுகொண்டிருந்தார்கள். தண்ணீர்த் தொட்டி ஓரமாகத் தரையில் ஒரு கரித்துண்டால் படம் போட்டுக்கொண்டிருந்தார் தேவராஜ். மரப்பலகை மேல் அட்டைப்பெட்டி அடுக்கு. யாழினியும் கவினும் எதிரில் குந்தியிருந்தார்கள்.

"ஒரு வரிசைக்கு எட்டு டப்பா. அஞ்சு வரிசை. மேல் வரிசைல மூணு டப்பாவ எவனோ லவட்டிகினு போய்ட்டான். எத்தினி கீது?"

"முப்பத்தேழு!" என்று கவின் கத்தினான். அவனுக்கு மெதுவாகப் பேச வராது.

"உன்ன யாரு கேட்டா? போ, பாயி கடைல எனக்கு ஒரு சோடா வாங்கினு வா." அவனை அனுப்பிவிட்டு, யாழினியிடம் வேறு படம் போட்டார். பெட்டிகள் குறைந்தன. இன்னொரு படம். இன்னும் குறைந்தன. சரியா தவறா என்று அவர் சொல்லவே இல்லை. அழித்து அழித்துப் போட்டார். ஓர் இடத்தில் என் மகள் நகத்தைக் கடிப்பதை விட்டுவிட்டு, அவர் கையிலிருந்த கரியை வாங்கித் தானே ஒரு பெட்டி வரைந்தாள்.

அப்புறம் மாடிப்படியில் என்னிடம் சொன்னார்: "பதில் வர்ற எடம் லெவல் இல்ல ரைட்டரே. பயத்துல தூக்கினு இருந்த தோள் புள்ளைக்கு எறங்குது பாரு, அந்த எடம்தான் லெவலு."

இருவரையும் கொஞ்சம் வாசிக்கவும் எழுதவும் வைத்துப் பார்த்துவிட்டு அவர் சொன்ன தீர்ப்பு இதுதான். யாழினி: தமிழ் எட்டாம் நிலை, அறிவியல் ஐந்து, கணக்கு மூன்று. கவின்: கணக்கு ஐந்து, எழுதுவது இரண்டு. "வயசுக்கு ஒரு பொட்டி வாங்கினியே, உள்ள பாரு, ஒவ்வொரு சரக்கும் ஒவ்வொரு ஊரு" என்றார். போகிறபோக்கில் என்னிடமும் நான்கைந்து கேள்வி கேட்டார். நான் எதிரே வந்த பூனையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "நாலு. அதுவும் மனசு வந்து குடுத்தது" என்றார்.

மாடிப்படியில் நாங்கள் பேசியதைக் கேட்டிருந்த யாழினி அன்று சாயங்காலம் என்னிடம் வந்தாள். விடைகளைப் பார்த்து எழுதியதை அவளே சொன்னாள். அழவில்லை; அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "மூணாம் நிலையிலேர்ந்து போடறேம்ப்பா. ஆனா கவினுக்குத் தெரிஞ்சா நான் புக்கையே தொட மாட்டேன். அவன் அஞ்சு, நான் மூணா? செத்தாலும் மாட்டேன்." அவளைவிட மூன்று வயது சின்னவன். அவள்தான் அவனுக்குச் செருப்பு மாட்டக் கற்றுக்கொடுத்தவள். என் வீம்புக்கு அவளைப் பள்ளியிலிருந்து இழுத்துவந்து, தம்பிக்குப் பயந்து வாழும்படி உட்கார வைத்திருந்தேன். இதை நகைச்சுவையாக எழுதப் பலமுறை முயன்றேன். வரவில்லை.

அடுத்த ஞாயிறு தேவராஜ் காக்கித் தாள் சுருளோடு வந்தார். கண்டெய்னருக்குள் சரக்கு உரசாமல் விரிக்கிற தடிமனான தாள். வேலை முடிந்தால் குப்பைக்குப் போகிறது. எங்கள் கூடத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து, பிள்ளைகளைக் கலைச்செல்வியோடு கடற்கரைக்கு அனுப்பிவிட்டு, அவர் சொன்ன நிலைப்படி நான் புதிதாக வாங்கிய புத்தகங்கள் எல்லாவற்றின் அட்டைகளையும் கிழிக்க ஆரம்பித்தார். நிலை எண் போட்ட அட்டை, சிரிக்கிற குழந்தை போட்ட அட்டை, எல்லாம். நானும் கிழித்தேன். வாழ்க்கையில் அவ்வளவு திருப்தியாக நான் எந்தப் புத்தகத்தையும் கையாண்டதில்லை. விமர்சனத்துக்கு வந்ததைக்கூட. ஒன்பது புத்தகங்களுக்கும் ஒரே மாதிரி காக்கி அட்டை, சணல் கயிறு. பிள்ளைகள் வந்ததும், "இன்னாபா, பேரு வைங்க" என்றார். எண் மட்டும் கூடாது. யாழினி தன் கணக்குப் புத்தகத்துக்கு நண்டு என்று வைத்தாள். கவின் தன்னுடையதற்குப் பல்லி என்றான். நண்டு பெரியதா பல்லி பெரியதா என்று யார் சொல்ல முடியும்?

நண்டு ஓட ஆரம்பித்தது. நோட்டு முழுக்க அடித்தல், திருத்தல், ரப்பர் தூள். தப்பான விடைகளாகப் பார்த்துப் பார்த்து நான் மகிழ்ந்தேன். அட்டை மாற்றிய செய்தி குழுவில் பரவியது. உடனே ஏழு வீட்டிலும் காக்கி அட்டை. ரகுராமன் மகனின் புத்தகங்களுக்குச் சிகரம் ஒன்று, சிகரம் இரண்டு, சிகரம் மூன்று என்று பெயர் வைத்தார். தேவராஜிடம் சொன்னபோது, "வுடு ரைட்டரே. சிலபேருக்குப் பொட்டிய தொறந்து காட்டினாலும் ஸ்டிக்கரத்தான் படிப்பான்" என்றார்.

அவர் சாந்தமான மனிதர் என்று யாரும் இப்போது எழுதிவிடக் கூடாது. முரடர். பதினோரு வடை தின்பார். தன் நடுப் பெண்ணின் நிலையைப் பற்றி மனைவி சுமதியோடு சண்டை போட்டு இரண்டு மாதம் பேசாமல் இருந்தவர். கடைசியில் சுமதி சொன்னதுதான் சரியாக இருந்தது. எனக்கு எதிரிலேயே என் கட்டுரையை வாசித்துவிட்டு, "எந்த எடத்துல சிரிக்கணும்னு கோடு போட்டுக் குடு" என்றவர்.

திருவொற்றியூரில் அவர் வீட்டு வாசலில் மேளம் அடித்துக்கொண்டிருந்தது. குழு முழுவதும் வந்திருந்தது. ஐஸ் பெட்டியைச் சுற்றி நின்று, கைகட்டி, மெல்லிய குரலில், அடுத்த வருடப் பாடத்திட்டத்தைப் பேசிக்கொண்டிருந்தோம். ஆமாம், நானும். ரகுராமன் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தபடியே, "பையன எட்டுல போடறதா ஒம்போதுல போடறதான்னு இவர்கிட்ட கேக்கணும்னு இருந்தேன்" என்றார். தலைமாட்டில் உட்கார்ந்திருந்த சுமதி நிமிர்ந்தார். "இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போல சார். குனிஞ்சு கேளுங்க. எழுந்து சொல்லிட்டுப் படுத்துக்குவாரு." எங்கள் எல்லோருக்கும் தோள் ஏறிப்போய் நின்றது.

நான் அவரிடமிருந்து வைத்துக்கொண்டது அந்த ஒன்பது காக்கிப் புத்தகங்களும், யார் பேசினாலும் முகத்தை விட்டுவிட்டுத் தோளைப் பார்க்கும் பழக்கமும். இரண்டாவதால் நண்பர்கள் குறைந்துவிட்டார்கள்.

காரியம் முடிந்த மறுநாள் யாழினியிடம் நண்டை எடுத்துவரச் சொன்னேன். அவள் அதை முடித்து நாளாயிற்று. ஒரு துக்கமான மனநிலையில், அவளுடைய ரகசியத்தை நானும் தேவா மாமாவும் எப்படிக் காப்பாற்றினோம் என்று பேசிக்கொண்டிருந்தேன். அவள் புத்தகத்தைத் திறந்து, பக்க எண்ணுக்கு அருகே விரலை வைத்துக் காட்டினாள். எறும்பு அளவு எழுத்தில் 'நிலை 3' என்று இருந்தது. அடுத்த பக்கத்திலும் இருந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு பக்கத்திலும் இருந்தது. நான் பாடம் நடத்திய புத்தகம்.

"கவினுக்குத் தெரியுமா?"

"மொத நாளே அவன்தாம்ப்பா பார்த்தான்."

"ஒண்ணும் சொல்லலியா?"

"சொன்னான். 'அக்கா, பாடம் நடக்கும்போது அந்த எடத்துல கட்டை விரல வெச்சு மறைச்சுக்கோ. அப்பா அட்டைய மட்டும்தான் கிழிச்சாரு, இத பாத்தா அழுவாரு'ன்னான்."