சூரனுக்கு முதல் பந்தி

காலையில் எங்கள் வீட்டுக்குப் பால் பாக்கெட்டோடு ஒரு போரும் வந்து சேரும். பால், கேட்டில் தொங்கும் பையில் விழும். போர், கீழ்வீட்டு ரெங்கராஜன் சாரின் டிவியிலிருந்து மாடிப்படி ஏறி வரும். எந்த நாட்டுப் போர் என்று எனக்கு உடனே பிடிபடாது. குண்டு விழுந்த பிறகு எல்லா ஊரும் ஒரே ஜாடையாகிவிடுகிறது. பாலை எடுக்க இறங்கினால் சார் ஹாலில் இருந்தபடியே கூப்பிடுவார்.

"வாங்கோ, வாங்கோ. நீங்க சொல்லுங்கோ, இதுல யார் ஜெயிப்பா?"

நான் இலங்கைக்காரன். அதனால் போர் பற்றி எனக்குத் தெரியும் என்பது அவருடைய நம்பிக்கை. பல் பிடுங்கப்பட்டவனைப் பல் டாக்டர் என்று எண்ணிக்கொள்வது மாதிரி. நானும் தாடையைத் தடவியபடி இரண்டு நிமிடம் நிபுணனாக நிற்பேன். திருச்சியில் ஒரு அச்சகத்தில் மற்றவர்களின் எழுத்துப்பிழையைத் திருத்திச் சம்பளம் வாங்குகிறவனுக்குச் சர்வதேச நிபுணர் பதவி தினமும் கிடைக்குமா?

எப்படியும் நான் பதில் சொல்லத் தேவையிருக்காது. அவரே சொல்லிவிடுவார். "ஒரே போடா போட்டு முடிச்சுடணும் சார். இழுக்கப்படாது. ஒருத்தன் முழுசா ஜெயிச்சாத்தான் அப்புறம் சாந்தி. உங்க ஊர்ல அப்படித்தானே முடிஞ்சுது?"

நான் பாலோடு மேலே வந்துவிடுவேன்.

அவர் நல்ல மனிதர் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஸ்ரீரங்கத்தில் நாங்கள் வீடு தேடிய நாட்களில், 'சிலோன்' என்று சொன்னதுமே பல வீட்டுக்காரர்களுக்கு அமெரிக்காவிலிருந்து மகன் வரப்போவது திடீரென்று ஞாபகம் வந்தது. ரெங்கராஜன் சார் ஒருவர்தான் ஒரே கேள்வியோடு நிறுத்திக்கொண்டார். "மீன் உண்டா?" இந்த வீட்டில் சமைப்பதில்லை என்று வாக்குக் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பாலத்தைக் கடந்து திருச்சிப் பக்கம் போய், மீன் குழம்பை ஏதோ தப்புக் காரியம் செய்வதுபோலச் சாப்பிட்டுவிட்டு வருகிறோம். ஒரு தீவிலிருந்து உயிர் தப்பி வந்து, காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே இன்னொரு தீவில் குடியேறிய யாழ்ப்பாணத்தான் நான். அதிலும் மீன் இல்லாத தீவு. என் ஜாதகத்தை எழுதியவருக்கு நகைச்சுவை உணர்ச்சி இருந்திருக்கிறது.

எங்கள் கிராமம் வடக்கே கடலோரத்தில் இருந்தது. 'இருந்தது' என்று எழுதினால் என் மனைவி ரஞ்சினிக்குக் கோபம் வரும்; 'இருக்குது' என்று திருத்துவாள். அவளும் அதே ஊர்தான். முப்பது வருஷத்துக்கு மேலாகிறது, ஷெல் விழத் தொடங்கிய ஒரு காலையில் ஊரே எழுந்து ஓடியது. பின்னால் வந்த ராணுவம் ஊரைச் சுற்றி முள்கம்பி போட்டுக்கொண்டது. நாங்கள் இருவரும் வேறு வேறு படகுகளில் வந்து, ஒரே முகாமில் சந்தித்து, கல்யாணம் செய்துகொண்டு, பிறகு முகாமுக்கு வெளியே தங்க அனுமதி வாங்கித் திருச்சிக்கு வந்தோம்.

போர் முடிந்த செய்தி வந்த அன்று நான் அச்சகத்துக்கு எதிரே இருந்த டீக்கடையில் நின்றுகொண்டிருந்தேன். டிவியில் அந்த நாட்டின் தென்பக்கத் தெருக்களில் வெடி கொளுத்தினார்கள். அங்கே விசேஷத்துக்குச் செய்கிற பாற்சோற்றைத் தெருவில் போகிறவர்களுக்கெல்லாம் துண்டு வெட்டி இலையில் வைத்துக் கொடுத்தார்கள். டீக்கடைக்காரர் எனக்கு ஒரு டீயை ஆற்றி நீட்டினார். அவர் அதற்குக் காசு வாங்கவில்லை.

"சண்டை முடிஞ்சிருச்சாமே அண்ணே. இனிமே ஊருக்குப் போயிடுவீங்கல்ல?" என்றார்.

அவர் பிரியமாகத்தான் கேட்டார். துக்க வீட்டில் நின்றவனுக்குக் கல்யாண வாழ்த்துச் சொல்லப்பட்டது போலிருந்தது எனக்கு. டீயைக் குடித்துவிட்டு, ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வந்தேன். வேறென்ன செய்ய? செத்தவர்களின் பெயர்களை ஒரு டீக்கு ஈடாகச் சொல்லிக்கொண்டிருக்க முடியுமா?

ஆனால் வீட்டில் நான் வந்து சொன்ன டீக்கடைக்காரரின் கேள்வியை ரஞ்சினி மட்டும் மெய்யாக எடுத்துக்கொண்டாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு சட்டம் அமலுக்கு வந்தது: தூக்கிக்கொண்டு போக முடியாத எதையும் வாங்கக் கூடாது. முதலில் மாட்டிக்கொண்டது ஃப்ரிட்ஜ். "போகப் போறம்தானே, ஏன் வீண் செலவு?" கட்டில் வேண்டாம், பாய் போதும். பீரோ வேண்டாம், சூட்கேஸ் போதும். சித்திரை வெயிலில் மத்தியானமே புளித்துப்போகும் சாம்பாரை நான் முகர்ந்து பார்க்கும்போதெல்லாம், "வாற தைக்குப் போயிடுவம்" என்பாள். தைகள் வந்துகொண்டேயிருந்தன. போர் முடிந்து இத்தனை வருஷமாக, ஒரு வெற்றியின் காரணமாக நான் புளித்த சாம்பார் சாப்பிட்டு வருகிறேன். சரித்திர ஆசிரியர்கள் இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

சாரின் 'முழுசா ஜெயிச்சா சாந்தி'யைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் ஊர்ச் சூரன் நினைவுக்கு வருவான். கந்த சஷ்டியில் முருகனும் சூரனும் சண்டை போடுவது இங்கே வயலூரிலும் உண்டு. போய்ப் பார்த்திருக்கிறேன், ஒழுங்காக, நேரத்துக்கு, சூரன் பணிந்து செத்தான். எங்கள் ஊரில் அது நடக்காது. முருகனைத் தூக்குகிறவர்கள் பெரிய மனிதர்கள், பட்டு வேட்டிக்காரர்கள். சூரனைத் தூக்குவது என்னைப் போன்ற வேலையற்ற இளவட்டங்கள். தோளில் மரச்சூரன் ஏறியதும் எங்களுக்கு ஒரு வெறி வந்துவிடும். சூரனைக் குலுக்கி, சுழற்றி, முருகனை வீதி முழுக்கத் துரத்துவோம். ஐயர் வந்து, "போதும் பிள்ளையள், பொழுது பட்டிட்டுது, சாக விடுங்கோ" என்று கையெடுத்துக் கும்பிட்ட பிறகுதான் சூரன் சாவான்.

இதில் நான் சொல்ல வந்தது சண்டையை அல்ல. அடுத்த நாள் திருக்கல்யாணம். அதற்கு அன்னதானம். அதில் முதல் பந்தி, சூரன் தூக்கினவர்களுக்கு. முருகன் கோஷ்டி நின்று பரிமாறும். நேற்று வேல் பிடித்த கைதான் இன்று பருப்பும் நெய்யும் விடும். இந்த வழக்கத்தை எவர் ஏற்படுத்தினார், ஏன் ஏற்படுத்தினார் என்று யாரும் விளக்கியதில்லை. இரண்டாம் பந்தியில் உட்கார வைத்திருந்தால் அடுத்த வருஷம் நாங்கள் சூரனைத் தூக்க வந்திருக்க மாட்டோம். தூக்க வந்தாலும் சாக விட்டிருக்க மாட்டோம். அது மட்டும் எங்களுக்குத் தெரியும். முருகனேகூட, தோற்றுப்போன சூரனைச் சேவற்கொடியாகவும் மயிலாகவும் பக்கத்தில் வைத்துக்கொண்டார். இல்லாவிட்டால் சஷ்டிக்கு மறுநாளே திருச்செந்தூரைச் சுற்றி முள்கம்பி போட வேண்டி வந்திருக்கும்.

நாட்டில் நடந்த போருக்குப் பிறகு பந்தி இருந்தது. பாற்சோறும் இருந்தது. ஒரு பக்கத்து ஆட்கள் மட்டுமே உட்கார்ந்தார்கள்.

போன ஐப்பசியில் அக்கா போனில் கூப்பிட்டாள். என் உடன்பிறந்த அக்கா அங்கேயேதான் இருக்கிறாள். இத்தனை வருஷமும் வாடகை வீடுகளில், ஊருக்கு எட்டும் தூரத்தில்.

"தம்பி, ஆமிக்காரர் எங்கட பக்கத்தை விட்டிட்டாங்களாம். நாளைக்குப் போய்க் காணியைப் பாக்கலாமாம்."

ரஞ்சினி போனைப் பிடுங்கினாள். "வீடும் சேத்தோ மச்சாள்?"

"காணி எண்டால் வீடும்தானேயடி."

அப்புறம் நடந்தது முழுக்க என் கையை மீறிய காரியம். ரஞ்சினி கீழே ஓடி ரெங்கராஜன் சாரிடம், எங்கள் ஊரை விட்டுவிட்டார்கள், தையோடு வீட்டைக் காலி செய்கிறோம் என்று சொல்லிவிட்டாள். 'பார்த்துவிட்டுச் சொல்வோமே' என்று சொல்ல வாயெடுத்த நான், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன். அவ்வளவு சின்ன வயது முகத்தை நான் முகாமில் பார்த்ததோடு சரி. சார் அன்று சாயங்காலமே ஒரு கிண்ணம் அக்காரவடிசலோடு மாடி ஏறினார்.

"பெருமாள் கிருபை. நான் சொன்னேனா இல்லையா? முழுசா முடிஞ்சா எல்லாம் தானா சரியாயிடும்னு? கொஞ்சம் நாழியாச்சு, அவ்வளவுதான்." போகும்போது, "மருமான் பெங்களூரை விட்டு இங்கே வரேங்கறான். தைக்கு மாடிக்கு வந்துக்கோடான்னு சொல்லிடறேன்" என்றார். ரஞ்சினி சந்தோஷமாகத் தலையாட்டினாள்.

நான் தலையாட்டவில்லை. எங்களைப் போன்றவர்களுக்கு ஊருக்குப் போவது என்பது ஒரு பக்கம் மட்டும் திறக்கிற கதவு. அகதிப் பதிவை ரத்து செய்துவிட்டுப் போன பிறகு, சரிவரவில்லை என்று திரும்பி வந்து காலிங்பெல் அடிக்க முடியாது. இந்த மாடி வீட்டையும் விட்டு, அங்கே வீடும் இல்லை என்றால், மிச்சம் இருப்பது சூட்கேஸ்தான்.

மறுநாள் அக்கா காணியிலிருந்து வீடியோவில் வந்தாள். முதலில் வெறும் பற்றைக்காடு, ஆளுயரப் புதர். பிறகு கிணறு. எங்கள் கிணறுதான், கட்டின் ஒரு பக்கம் உடைந்திருந்தது. ரஞ்சினி போனை முகத்தோடு ஒட்டிவைத்துக்கொண்டாள். "கிணறு கிடக்குதப்பா, கிணறு கிடக்குது." கிணற்றைத் தாண்டி அக்காவின் கை திரும்பியது. முள்கம்பி. புதுக் கம்பி, பளபளவென்று. கம்பிக்கு அந்தப் பக்கம் எங்கள் வீடு நின்றது. ஓடு மாற்றி, வெள்ளை அடித்து, வாசலில் பூந்தொட்டிகூட வைத்திருந்தார்கள். நாங்கள் இருந்தபோது அவ்வளவு அழகாக அது ஒரு நாளும் இருந்ததில்லை.

"வேலியைப் பின்னுக்குத் தள்ளியிருக்கிறாங்கள் தம்பி," என்றாள் அக்கா. "கிணத்தடி மட்டும்தான் எங்களுக்காம்."

கம்பிக்குள்ளிருந்து ஒரு ராணுவக்காரன் நடந்து வந்தான். மீசை இன்னும் சரியாக முளைக்காத முகம். போர் முடிந்தபோது பள்ளிக்கூடமே போயிருக்க மாட்டான். படம் எடுக்க வேண்டாம் என்று கையைக் காட்டினான். அக்கா போனைத் தாழ்த்தினாள். அதன் பிறகு மண்ணும் அவள் செருப்பும்தான் தெரிந்தன, குரல்கள் கேட்டன.

"அம்மா, வீடு எங்க?" உடைந்த தமிழ்.

"நீ நிக்கிற இடத்திலதான் தம்பி எங்கட குசினி இருந்தது, சமைக்கிற இடம்."

அவனுக்குப் புரியவில்லைபோல. "இல்ல, இல்ல. அம்மா வீடு, எங்க?"

"அதைத்தான் சொல்லுறன். உன்ர ஊர் எங்கையப்பு?"

"தூரம். ரொம்பத் தூரம். லீவு இல்ல. அம்மா தேடுது."

அக்காவின் செருப்பு கம்பிப் பக்கம் ஒரு அடி நகர்ந்தது. பிறகு, "சாப்பிட்டியா?" என்று கேட்பது கேட்டது. அவளைத் திருத்த முடியாது.

அழைப்பு முடிந்த பின் ரஞ்சினி அழவில்லை. சாம்பாரை முகர்ந்து பார்த்து, கொட்டினாள். நான் சட்டையைப் போட்டுக்கொண்டு கீழே இறங்கினேன். மருமான் வரும் வீட்டைத் திரும்பக் கேட்பதற்கு ஒரு வாக்கியத்தைப் படிக்குப் படி திருத்தி வைத்திருந்தேன். சார் டிவி முன்னால் இருந்தார். விஷயத்தைச் சொன்னேன். அவருக்குத் துக்கத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம் இருந்தது.

"அதெப்படி சார்? அவாதான் ஜெயிச்சாச்சே. இன்னும் எதுக்குக் கம்பி?"

"ஜெயிச்சதாலதான் சார் கம்பி. எடுத்தா நாங்க திரும்பி வந்திடுவமே."

"நீங்க வந்தா என்ன? நீங்க என்ன பண்ணிடப் போறேள்? ப்ரூஃப் பார்ப்பேள்."

"அது அவங்களுக்குத் தெரியாதே. அங்க காவல் நிக்கிற பொடியனுக்கும் லீவு இல்லையாம். வென்றவனும் வீட்டுக்குப் போகேல்லை சார்."

டிவியில் யாரோ ஒரு ஜெனரல் வரைபடத்தில் குச்சியை வைத்துக்கொண்டிருந்தார். சார் ரிமோட்டை எடுத்தார். நிறுத்தப் போகிறார் என்று நினைத்தேன். சத்தத்தை மட்டும் குறைத்தார். "மருமான்கிட்ட நான் பேசிக்கறேன். வேற எடம் பார்க்கட்டும், சின்னவன்தானே. நீங்க இருங்கோ" என்றார். சொல்லிவிட்டு, ஏதோ கடன் வாங்கியவர் மாதிரி என் முகத்தைப் பார்க்காமல், "ஆனாலும் இழுத்ததுதான் தப்பு. அன்னிக்கே சரியா முடிச்சிருந்தா..." என்று தொடங்கினார். நான் படியேறினேன். இந்த மனிதரை விட்டு எங்கே போவது? இவரோடு எப்படி இருப்பது?

ஒரு வாரம் கழித்து, நான் கேட்காமலேயே ரஞ்சினி சொன்னாள். "ஒரு ஃப்ரிட்ஜ் வாங்குவமப்பா."

நான் ஆண்டுக்கணக்காகக் காத்திருந்த வாக்கியம். கேட்டதும் எனக்கு ஒரு துளிகூடச் சந்தோஷம் வரவில்லை.

ஃப்ரிட்ஜ் வந்தது. மாடிக்குத் தூக்கி வந்தவர்கள் அட்டைப்பெட்டியைப் பிரித்து எடுத்துக்கொண்டு போகப் பார்த்தார்கள். ரஞ்சினி தடுத்தாள்.

"எதுக்கும்மா? ஹால்ல பாதி இடத்த அடைச்சுக்கும்."

"இருக்கட்டும் தம்பி. போகேக்க வேணும்."

"எங்கம்மா போறீங்க?"

அவள் கயிறு தேடப் போய்விட்டாள்.

இப்போது பால் இரண்டு நாளைக்குச் சேர்த்து வாங்குகிறோம். போர் தினமும் வருகிறது. சாம்பார் புளிப்பதில்லை. அட்டைப்பெட்டி மடித்து, கயிறு கட்டி, ஹாலின் லாஃப்டில் படுத்துக் கிடக்கிறது. எந்தப் பக்கம் மேலே இருக்க வேண்டும் என்று காட்ட அதில் அச்சடித்திருக்கும் அம்புக்குறி, கிடத்தி வைத்ததில் இடம் மாறி, நேராக வாசற்கதவைக் காட்டிக்கொண்டிருக்கிறது.