இரண்டாவது செபம்

வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியின் மீற்றர் அறையில், ஏழாம் மாடிக்குப் போகும் கேபிளில் எங்காவது கசிவு இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியன் மெகர் கருவியால் கரண்ட் ஏற்றிச் சோதித்துக்கொண்டிருந்தார். "அன்ரி, தொடாதேங்கோ. சோதிச்ச வயருக்குள்ள கொஞ்ச நேரம் கரண்ட் நிக்கும்" என்றார்.

எனக்கா தெரியாது?

கொட்டாஞ்சேனையில் அப்பாவிடம் இருந்தது கையால் சுற்றும் மெகர். கறுப்புப் பெட்டி, கிறீஸ் மணம். கோயில் திருவிழாவுக்கு முன், தெருவிளக்குகளுக்கான நீளக் கேபிளை எங்கள் முற்றத்தில் வைத்துச் சோதிப்பார். ஒருமுறை சுற்றி முடித்ததும் வாசலில் யாரோ கூப்பிட, மிச்சக் கரண்ட் இறங்க முனைகளை எர்த் கம்பியில் தொடுக்காமலே எழுந்து போய்விட்டார். வழியில் கிடந்த வயரை ஓரமாக்க அம்மா கையில் எடுத்தாள். அலறல் கேட்டு ஓடிவந்த அப்பாவின் முகத்தில் இரத்தமே இல்லை.

அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. அப்பா மன்னிப்பும் கேட்கவில்லை. ஆனால் அடுத்த வருடம் முனைகளை எர்த்தில் தொடுத்துவிட்டு, "பிலோமினா, ஒரு அருள் நிறைந்த மரியே சொல்லு. நீ முடிச்சாத்தான் கழட்டுவன்" என்றார்.

அம்மா வேண்டுமென்றே இழுத்து இழுத்துச் சொன்னாள். முடித்துவிட்டு, "சரியாச் சொல்லேல்ல" என்று மறுபடி தொடங்கினாள். அப்பா குந்தியபடியே காத்திருந்தார். அதன்பிறகு ஒவ்வொரு வருடமும் இரண்டு செபம்தான்.

எலெக்ட்ரீஷியனின் மெகரில், வயரில் மிஞ்சிய கரண்டைக் காட்டும் எண்கள் இறங்கிப் பூச்சியத்தில் நின்றன. அதற்குள் நான் மனதுக்குள் ஒரு செபம் சொல்லி முடித்திருந்தேன்.

"முடிஞ்சுது அன்ரி. கழட்டட்டா?"

"பொறுங்கோ தம்பி," என்றேன். "இன்னும் ஒண்டு இருக்கு."